நந்தி பின்னால் போகாது

கிட்டத்தட்டப் பதினொரு மாதங்கள் என் வாழ்க்கையின் முக்கிய முடிவுகளையெல்லாம் தரையின் சரிவைப் பார்த்துத்தான் எடுத்தேன். எந்தக் கடையில் டீ குடிப்பது, எந்த உறவினரைப் போய்ப் பார்ப்பது, எந்தக் கல்யாணத்துக்குப் போகாமல் காய்ச்சல் என்று சொல்லிவிடுவது எல்லாமே மேடு பள்ளம் சார்ந்த விஷயங்களாகிவிட்டன. என்னுடைய பழைய டீசல் பிக்கப்பில் செல்ஃப் எடுக்காது. சாவியைத் திருப்பினால் உள்ளேயிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், யாரோ கதவைத் தட்டிவிட்டு மனம் மாறித் திரும்பிப் போவதைப்போல. இறக்கத்தில் நிறுத்தி, உருளவிட்டு, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால்தான் என்ஜின் விழிக்கும்.

வண்டி பழசு என்பதில் எனக்கு வெட்கமில்லை. வெட்கம் வேறு இடத்தில் இருக்கிறது. நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியன். சுற்று முழுமையாக இருந்தால்தான் மின்னோட்டம் பாயும் என்று இருபது வருடமாகக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுகிறவன். படத்தில் ஓரிடத்தில் கோட்டை விரலால் அழித்துவிட்டு, ‘இப்போது பல்பு எரியுமா?’ என்று கேட்பேன். வகுப்பே ‘எரியாது’ என்று கத்தும். அதே கோட்டை என் வண்டியில் என் கையாலேயே அழித்திருந்தேன். அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினொரு மாதமும் ஒரு கல் நந்தியும் தேவைப்பட்டன.

வண்டி வாங்கியது வாழைக்குலை ஏற்ற. பள்ளிக்கூடத்தையும் தோட்டத்தையும் ஒரே நேரத்தில் கவனித்து, இரண்டையும் அரைகுறையாக விடுகிற ஆசிரியர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய, நானும் ஒருவன். எனக்கு முன்னால் அந்த வண்டி கடற்கரையில் மீன் ஏற்றிக்கொண்டிருந்தது. வாங்கிய முதல் மாதம் தெருப் பூனைகள் அத்தனையும் அதன் பின்னால் ஊர்வலமாக வந்து, வாழைக்குலையைப் பார்த்து ஏமாந்து திரும்பின. பூனைகள் போன பிறகும் உப்பு போகவில்லை. ஐஸ் தண்ணீர் வருடக்கணக்காகச் சொட்டியதில் வண்டியின் அடிப்பாகம் முழுக்கத் துரு. குனிந்து பார்த்தால் பொரித்த அப்பளம் மாதிரி இருக்கும்.

எனக்கு ஒரு பள்ளித் தோழன் உண்டு. கடற்கரை ஊர்க்காரன். வளைகுடாவில் பத்து வருடம் இயந்திரங்களோடு குடித்தனம் நடத்திவிட்டுத் திரும்பி, ஊரில் வள்ளங்களின் என்ஜினைப் பழுதுபார்க்கிறவன். அவனிடம் துருவைக் காட்டினேன்.

“மக்கா, எங்க வள்ளம் பூராவும் வருசம் முழுக்க உப்புத் தண்ணியிலதான் கெடக்கு. துருப் பிடிச்சுப் பாத்தியா?”

“வள்ளம் ஃபைபருல்லா? அது எப்பிடித் துருப் பிடிக்கும்?”

“அதுல உள்ள ஆணி இரும்புதான? கம்பி இரும்புதான? வாயாடாத. மிச்சம் பெயிண்டு தாரேன், கொண்டு போயி அடி.”

ஒரு டின் நிறையப் படகுப் பெயிண்ட் தந்தான். நல்ல நீலம். ஆயுத பூசை விடுமுறையில் மூன்று நாள் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். மேலோட்டமாகப் பூசுவது எனக்குப் பிடிக்காது. ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, அது உட்காரும் இடத்தையும் சுரண்டிப் பூசி, காய்ந்ததும் திரும்ப முறுக்கினேன். இடையில், கியர்பாக்ஸிலிருந்து சேஸிசுக்குப் போகிற, பின்னல்போட்ட செம்புப் பட்டை ஒன்று வந்தது. அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று நான் யோசிக்கவில்லை. அழுக்காக இருந்தது, அதற்கும் பூசினேன். மொத்தம் மூன்று கோட்டு. முடிந்ததும் தெருவில் போகிறவர்களையெல்லாம் குனியச் சொல்லிக் காட்டினேன். எங்கள் பள்ளித் தமிழாசிரியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு, “நீலகண்டன்னு பேரு வையும் ஓய், வெசத்தக் குடிச்சாப்ல இருக்கு” என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பத்து நாளில் ‘டக்’ ஆரம்பித்தது.

வயரிங் கடைக்காரர் முதலில் பேட்டரி என்றார். புதிய பேட்டரி வந்தது. ‘டக்’ முன்பைவிடத் தெளிவாகக் கேட்டது. பிறகு செல்ஃப் மோட்டாரைக் கழற்றினார். கார்பன் பிரஷ் மாற்றினார். புஷ் மாற்றினார். கடைசியில் காயிலையே புதிதாகச் சுற்றினார். ஒவ்வொரு முறையும் மோட்டாரைக் கடை மேசைமேல் வைத்து வயரைத் தொட்டுக் காட்டுவார். அது விர்ரென்று சுற்றி மேசையை விட்டே குதிக்கப் பார்க்கும். வண்டியில் மாட்டினால் மறுபடியும் ‘டக்’தான். வகுப்பில் அட்சரம் பிசகாமல் ஒப்பித்துவிட்டு, மேலதிகாரி வந்து கேட்டால் வாய் திறக்காத பிள்ளைகள் எனக்குப் பழக்கம் என்பதால் மோட்டார்மேல் கோபம் வரவில்லை.

இதற்கிடையே ஆக்சிலேட்டர் கேபிள் இரண்டு தடவை உறை உருகி இறுகிப்போனது. “சாருக்குக் கால் கனம் கூடுதல்” என்றார் கடைக்காரர். நான் அதையும் நம்பி, ஒரு மாதம் இரவுச் சாப்பாட்டில் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினேன்.

சரிவு வாழ்க்கை அப்படித்தான் தொடங்கியது. எங்கள் தெருவில் ஆரம்பித்துக் கால்வாய்க்கரை வரைக்கும் எந்த இடத்தில் எவ்வளவு இறக்கம் என்று எனக்கு அத்துப்படி. டீ மோசமாக இருந்தாலும் பாலத்தடிக் கடைதான், ஏனென்றால் பாலத்துக்கு இறக்கம் உண்டு. பேச்சிப்பாறை மலைப் பக்கம் போனால் சொர்க்கம். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். நஞ்சை நிலம் சூழ்ந்த சமதரை ஊர்களில் இருந்த சொந்தக்காரர்கள் மெல்ல மெல்ல அந்நியர்களானார்கள். ஒரு நாள் என் மனைவி கேட்டாள்: “நமக்கு வேண்டிய ஆளுக பூராவும் மேட்டுலதான் குடியிருக்காவளா?”

நான் எப்போதும் மேட்டில் நிறுத்துவதைத் தெருவும் கவனித்திருந்தது. மழைவெள்ளத்துக்குப் பயந்து என்று அவர்களாகவே ஒரு காரணம் வைத்திருந்தார்கள். நான் திருத்தவில்லை.

அப்படி நம்பியவர்களில் ஒருவர் என் பின்வீட்டுச் சிற்பி. என்னைவிட எட்டுப் பத்து வயது இளையவர். மயிலாடியில் அடுத்தவர் பட்டறையில் இருபது வருடம் உளி பிடித்துவிட்டு, அந்த வருடம்தான் ஊருக்கு வெளியே சொந்தமாக ஒரு கொட்டகை போட்டிருந்தார். தன் பேரில் வந்த முதல் வேலை, கொட்டாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சிவன் கோயிலுக்கு நந்தி. ஆவணியில் ஒரு காலை, பத்தரை மணிக்குள் அதைப் பீடத்தில் ஏற்றியாக வேண்டும். கோயில்காரர்களில் பாதிப் பேருக்கு இந்தப் புது ஆள்மேல் நம்பிக்கையில்லை. நேரம் தவறினால் அடுத்த வேலை பழைய பட்டறைக்குப் போய்விடும். பின்னாலேயே இவரும் பழைய பட்டறைக்குப் போகவேண்டியிருக்கும்.

முந்தின நாள் சாயங்காலம், பேசி வைத்திருந்த வண்டி வராது என்று தகவல் வந்தது. அவர் வாசலில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். “அதுக்கென்ன தம்பி, எங்கிட்ட வண்டி இருக்கே” என்றேன். அவர் முகத்தில் படர்ந்த நிம்மதியைப் பார்த்த பிறகு, ‘ஆனால் செல்ஃப் எடுக்காது’ என்கிற இரண்டாவது வாக்கியத்தைச் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு ஒரு திட்டம் இருந்தது. வீட்டு மேட்டில் கிளப்பினால், கோயில் போய்ச் சேரும்வரை என்ஜினை நிறுத்தவே கூடாது. அவ்வளவுதான் திட்டம்.

மறுநாள் ஏழரைக்கு, ஆரத்தித் தட்டோடு மனைவியும் முன்சீட்டில் ஏறிக்கொள்ள, கொட்டகைக்குப் போனோம். மூன்று கம்பங்களை முக்காலியாக நட்டு, அதில் சங்கிலிக் கப்பி கட்டி, நந்தி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எட்டுப் பேர் சேர்ந்தாலும் மூச்சு முட்டும் எடை. முக்காலிக்குக் கீழே வண்டியின் பின்பக்கத்தைக் கொண்டுபோய் நிறுத்தினேன். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

“சாரே, என்ஜின நிறுத்துங்க. வண்டி ஆடுது” என்றார் சிற்பி.

“லேசாத்தான ஆடுது தம்பி.”

“காதுல ஒரு சில்லு தெறிச்சா நந்தி மூளியாயிரும். ஆறு மாச வேலை சாரே. நிறுத்துங்க.”

நிறுத்தினேன். மனைவி மெல்ல என் பக்கம் திரும்பினாள். “நிறுத்திட்டியளா?” என்று மட்டும் கேட்டாள். நோயாளியின் வீட்டாரிடம் டாக்டர் தணிந்த குரலில் பேசுவாரே, அந்தத் தொனி.

நந்தி அலுங்காமல் இறங்கியது. வைக்கோல் அணைகொடுத்து, மாலை போட்டு, தேங்காய் உடைத்து, சூடம் காட்டினார்கள். “எடுங்க சாரே” என்றார் சிற்பி.

டக்.

மறுபடியும் டக். பட்டறை ஆட்கள் ஐந்து பேர் தள்ளிப் பார்த்தார்கள். வண்டியின் முகத்துக்கு நேரே கால்வாய்க்கரை ஏற்றம், முதுகில் நந்தி. அசையவில்லை. மாட்டு வண்டிக்குக் காளை முன்னால் நிற்கும். என் வண்டிக்குப் பின்னால், அதுவும் கல்லாக உட்கார்ந்திருந்தது.

ஆனால் நான் கலங்கவில்லை. வண்டிக்குப் பின்னால் தென்னந்தோப்பு வரை அருமையான இறக்கம். பதினொரு மாத அனுபவம் வீணாகுமா? இறங்கி, கைகளைத் தட்டிக்கொண்டு அறிவித்தேன்: “ஒண்ணுமில்ல. ரிவர்ஸ் கியரப் போட்டுப் பின்னால ஒரு பத்தடி உருளவிட்டா எடுத்துரும்.”

“பின்னாலயா?” என்றார் சிற்பி.

“பத்தடிதான் தம்பி.”

“சாரே, சூடம் காட்டி நந்தி பொறப்பட்டாச்சு. பொறப்பட்ட நந்தி பின்னால வந்தா எடுத்த காரியம் மொடங்கும். கல்லுல சோலி செய்யுத எவன்ட்ட வேணும்னாலும் கேளுங்க. ஒரு சாண் பின்னால போகப்பிடாது.”

அறிவியல் ஆசிரியன் என்ற முறையில் நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கொட்டகைக்குள் போய் இரண்டு கருங்கல் துண்டுகளை எடுத்துவந்து, பின்சக்கரங்களுக்கு அணையாக வைத்துச் சுத்தியலால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டுத் தட்டினார். விவாதம் முடிந்தது. மணி எட்டரை. வேறு வண்டி பிடித்து, நந்தியை இறக்கி மாற்றி ஏற்ற நேரமில்லை.

“அந்த நீலப் பெயிண்டு தந்த அண்ணனக் கூப்பிடுங்களேன்” என்றாள் மனைவி.

எனக்கு அதில் தயக்கம். அவன் தண்ணீரில் ஓடுவதைப் பார்க்கிறவன். தரையில் ஓடுவதற்கு வேறு படிப்பு என்று எனக்கொரு எண்ணம். ஆனால் கைப்பேசி அவள் கையில் இருந்தது. அவளே பேசிவிட்டாள்.

அரை மணி நேரத்தில் மொபெட்டில் வந்து இறங்கினான், ஒரு பையில் கொஞ்சம் வயரும் ஸ்பானர்களுமாக.

“என்னலே, நந்தி வாகனமா இன்னைக்கி?”

“செல்ஃப் எடுக்க மாட்டேங்குது.”

“எப்பத்துலேர்ந்து?”

“பதினோரு மாசமாட்டு.”

“பதினோரு மாசமா! எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?”

“நீ வள்ளத்துக்கு உள்ள ஆளுல்லா.”

“ஆமா, வள்ளத்த அந்தோணியார் வந்து தள்ளிவிடுதாரு. ஏறி உக்காரு. மைனி, நீங்க எறங்கி முன்னால நில்லுங்க. ஏலே, ஹெட்லைட்டப் போட்டுட்டுச் சாவியத் திருப்பு.”

டக்.

“மைனி, லைட்டு மங்குச்சா?”

“இல்லண்ணே. அப்பிடியே எரியுது.”

“பேட்டரி செத்திருந்தா லைட்டு அணையணும். மோட்டாரு கரண்ட இழுத்தா கொஞ்சமாவது மங்கணும். ஒண்ணும் மங்கல. அப்பம் பேட்டரியில கரண்டு இருக்கு, மோட்டாருக்குள்ள வேண்டிய அளவு பாயல. எங்கயோ வழி அடஞ்சிருக்கு.” பிறகு என்னிடம் கேட்டான்: “என்னவெல்லாம் மாத்துன?”

பேட்டரி, பிரஷ், புஷ், காயில் என்று வரிசையாக ஒப்பித்தேன். “அப்புறம் ஆக்சிலேட்டர் கேபிள், ரெண்டு தடவ.”

“செல்ஃபுக்கு ஆக்சிலேட்டர் கேபிள் எதுக்கு மாத்துன?”

“அது தனி. உருகிப் போச்சு. எனக்குக் கால் கனம்னு சொன்னாங்க.”

அவன் என் காலைப் பார்த்தான். பிறகு பானெட்டுக்குள் குனிந்தான். “சாவியத் திருப்பிப் பிடிச்சிட்டே இரு. ஒண்ணு, ரெண்டு, மூணு... ஆவூ!” என்று கையை உதறினான். “வா, வந்து தொட்டுப் பாரு.”

தொட்டேன். ஆக்சிலேட்டர் கேபிள், அப்போதுதான் ஊற்றிய காப்பி டம்ளர் மாதிரிச் சுட்டது.

“கால் கனமாம்! ஏலே, மோட்டாருக்குப் போன கரண்டு பேட்டரிக்குத் திரும்ப வழியில்லாம, இந்த நூலுபோல உள்ள கேபிள் வழியா நெருக்கியடிச்சு வருது. அதான் சுடுது. அதான் உருகுது. என்ஜினுக்கும் சேஸிசுக்கும் நடுவுல எர்த்துப் பட்டை ஒண்ணு உண்டுல்லா, அது எங்க?”

கேட்டுவிட்டு அவனே வண்டிக்கு அடியில் போனான்.

“மக்கா” என்றது அடியிலிருந்து குரல்.

“என்னா?”

“இங்க பெயிண்டு அடிச்சது ஆரு?”

“நான்தான்.” அந்த நிலையிலும் என் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது என்று மனைவி இன்றும் சொல்கிறாள்.

“எத்தன கோட்டு?”

“மூணு.”

“போல்ட்டக் கழத்தி அடியிலயுமா?”

“எல்லா எடத்துலயும். நீதான அடிக்கச் சொன்ன.”

“வண்டிக்கு அடின்னேன். கரண்டு போற வழிக்கா அடின்னேன்?”

எனக்கு விளங்கிவிட்டது. பேட்டரியின் எதிர்முனை சேஸிசில் பிடித்திருக்கிறது. என்ஜினோ ரப்பர் கட்டைகளின்மேல், தரையைத் தொடாத மகான் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கரண்டு திரும்பி வர உள்ள ஒரே பாலம் அந்தச் செம்புப் பட்டை. கடலையே உள்ளே விடாத பெயிண்டை அந்தப் பாலத்தின் இரு முனையிலும் மூன்று கோட்டு பூசி, மேலே போல்ட்டையும் இறுக்கியிருந்தேன். கரும்பலகையில் விரலால் அழித்துவிட்டு, பல்பு எரியுமா என்று கேட்கிற அதே இடம்.

அவன் வெளியே வந்து, பையிலிருந்து தடித்த வயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியிலும் மறுமுனையை என்ஜின் உடம்பிலும் அழுத்திப் பிடித்தான். “இப்பத் திருப்பு.” கிர்ர்ரென்று மோட்டார் சுற்றியது. நான் உடனே சாவியை விட்டுவிட்டேன், பயத்தில். பதினொரு மாதமாக அந்த வண்டியில் கேட்காத சத்தம்.

“இதோட போயிரலாமா?” என்றார் சிற்பி, மணியைப் பார்த்தபடி.

“வயரு வழியில கழண்டு வண்டி நின்னா நந்தியச் சொமக்க ஆளு வேணும். கீழ உள்ளதயே சரியாக்கிருவோம். சொரண்ட என்ன இருக்கு?”

உப்புத்தாள் இல்லை. அரம் இல்லை. கல் கொட்டகையில் இருப்பது உளி. என் நண்பன் கைநீட்டியதும் சிற்பி, இடுப்பில் துணி சுற்றி வைத்திருந்த ஒரு சின்ன உளியைச் சட்டென்று பின்னால் மறைத்துக்கொண்டார். “இது வேண்டாம். இது கோயில்ல கண்ணு தெறக்க உள்ளது.” தரையிலிருந்து வேறொன்றை எடுத்தார். கொடுக்கப்போனவர் கொடுக்கவில்லை. “எந்த எடம்னு மட்டும் காட்டுங்க” என்று, பிரதிஷ்டைக்கென்று உடுத்தியிருந்த புது வேட்டியோடு தானே வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

நந்தியின் கழுத்து மணிகளை ஒவ்வொன்றாகச் செதுக்கிய கை அது. என் மூன்று கோட்டுப் பெயிண்டையும் ஐந்து நிமிடத்தில் வழித்துவிட்டது. நான் குனிந்து பார்த்தேன். நீலத்துக்கு நடுவே வட்ட வடிவில் இரும்பு பளபளத்தது. ஓரமெல்லாம் அவ்வளவு சுத்தம், பூசையே போடலாம். பட்டையின் முனைகளையும் வழித்து, போல்ட்டை இறுக்கிவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள். சிற்பியின் வேட்டியில் ஒரு பக்கம் முழுக்க நீலம், மறுபக்கம் கிரீஸ்.

ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பினேன். என்ஜின் எடுத்தது. அவ்வளவு சாதாரணமாக எடுத்தது, பதினொரு மாதமும் நான்தான் ஏதோ பிடிவாதமாக இருந்ததைப்போல. முதல் கியரில் வண்டி கரை ஏறியது. பின்சக்கரத்து அணைக்கற்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. நந்தி ஒரு விரல்கடைகூடப் பின்னால் போகவில்லை என்று சிற்பி நடந்துவந்து சரிபார்த்துவிட்டுத்தான் பின்னால் ஏறினார்.

பத்தே காலுக்குக் கோயில். பத்தரைக்கு நாலு நிமிடம் இருக்கும்போது நந்தி பீடத்தில் உட்கார்ந்தது. சிற்பி மறைத்து வைத்திருந்த சின்ன உளியால் கண் திறந்தார். கோயில்காரர்களில் மூத்தவர் நந்தியைச் சுற்றிவந்து, கொம்பைத் தடவி, கழுத்து மணிகளை எண்ணி, சிற்பியின் வேட்டியை மட்டும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, “பலிபீடம் ஒண்ணு வேணும். அதயும் நீரே செஞ்சிரும்” என்றார். சிற்பி என்னைக் கைகாட்டி, “எல்லாம் சாருக்க வண்டியாலதான்” என்றார். அதில் கேலியே இல்லை என்பதுதான் என்னை அதிகம் கூச வைத்தது. என் நண்பன் கோயில் வாசலில் பிரசாதச் சுண்டலை மென்றுகொண்டே வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

திரும்பி வரும்போது மனைவிக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். மின்தடை என்றால் என்ன, சுற்று எங்கே முறிந்தது, லைட் ஏன் மங்கவில்லை, கேபிள் ஏன் சுட்டது. வகுப்பில்கூட அவ்வளவு தெளிவாக நடத்தியதில்லை. அவள் ஆரத்தித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும், பழக்க தோஷத்தில், வண்டியை மேட்டிலேயே கொண்டுபோய் நிறுத்தினேன். அவள் இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, ஜன்னல் வழியாகக் கேட்டாள்:

“ஏங்க, ஒங்க ஸ்கூல் பிள்ளைக வருசாவருசம் பிசிக்ஸ்ல பாஸாவுதே, அதுக எல்லாம் எங்க டியூசன் போவுது?”